அணியைத் தூக்கி நிறுத்தினாரா ஜி.எம்.? நான்கு அளவுகோல்கள், ஓர் ஒப்பீடு

"ஐசர்மன் தேறினாரா, தேறவில்லையா?" வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி பார்க்கிற நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்க ஓடும். ஸ்டீவ் ஐசர்மன் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்குப் பொது மேலாளராக, அதாவது ஜி.எம்.-ஆக வந்தது 2019 ஏப்ரலில். அதற்குப் பிறகு 2024-25 வரை ஆறு சீசன்கள். ஒரு முறைகூட அணி பிளேஆஃப் பக்கம் போகவில்லை. "பொறுங்கள், இளைஞர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஒரு பக்கம். "வேறு ஆளாக இருந்தால் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்" என்று இன்னொரு பக்கம்.

இரண்டு தரப்பும் வைத்திருக்கும் விவரம் ஒன்றுதான். எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் வேறு. ஒருவர் புள்ளிப் பட்டியலைக் காட்டுகிறார், மற்றவர் டிராஃப்டைக் காட்டுகிறார். கனடாவில் இருக்கும் வாசகர்கள் சிலர் இதையே மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கென்ட் ஹியூஸை வைத்துக் கேட்கிறார்கள். அங்கே கதை தலைகீழ்: 2022 ஜனவரியில் வந்தவர், 2025 வசந்தத்திலேயே பிளேஆஃப் ஆடிவிட்டார். அப்படியானால் அவர் ஐசர்மனைவிடக் கெட்டிக்காரரா?

எந்த அளவுகோலை எப்போது எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம். கணக்கு முழுவதும் 2025 கோடை வரைக்குமானது.

முதலில், ஜி.எம். கையில் என்னதான் இருக்கிறது?

ஐ.பி.எல். பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே சில வருடங்களுக்கு ஒரு முறை மெகா ஏலம் வரும். கடைசி இடத்தில் இருந்த அணிகூட ஒரே ஏலத்தில் ஆளையே மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். என்.எச்.எல்.-இல் அப்படியொரு நாள் வரவே வராது. 32 அணிகள், எல்லோருக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, 2025 நிலவரப்படி எட்டு வருடம் வரை நீளும் ஒப்பந்தங்கள். முன்னால் இருந்தவர் கொடுத்த தப்பான ஒப்பந்தத்தைப் புதியவர் சுமக்கத்தான் வேண்டும்.

ஆள் வருவதற்கு முக்கியமாக மூன்று வழி. ஜூனில் நடக்கும் டிராஃப்டில் பதினெட்டு வயதுப் பையன்களை எடுப்பது (கீழே முடித்த அணிக்கு முன் வரிசை), ஆளையோ தேர்வுரிமையையோ கொடுத்து வேறு அணியிடம் ஆள் வாங்கும் டிரேட், ஜூலை 1 அன்று ஒப்பந்தம் முடிந்த வீரர்களைப் பணம் கொடுத்துக் கூட்டி வருவது. முதல் வழி மெதுவானது, மூன்றாவது விலை கூடியது, நடுவில் இருப்பதுதான் ஆளின் சாமர்த்தியத்தைக் காட்டுவது. என் சாய்வு எங்கே என்று இங்கேயே தெரிந்திருக்கும். சரி, மறைக்க ஒன்றுமில்லை.

எதை வைத்து அளவுகோலை அளப்பது?

ஓர் அளவுகோல் நல்லதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும்.

அது காட்டுவது ஜி.எம். தானே செய்ததா, அல்லது வாரிசாக வந்ததும் அதிர்ஷ்டமும் சேர்ந்ததா? அது பதில் சொல்ல எத்தனை வருடம் ஆகும்? அதை ஏமாற்ற முடியுமா, அதாவது அணி முன்னேறாமலே எண்ணை மட்டும் முன்னேற்ற வழி உண்டா? கடைசியாக, அது நல்லது என்று சொல்லும் அணிதான் லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கும் போகிறதா?

நாலுக்கும் நல்ல பதில் தரும் அளவுகோல் கிடையாது. இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

அளவுகோல் 1: புள்ளிப் பட்டியலும் பிளேஆஃபும்

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். ஜெயித்தால் 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி, 2024-25-இல் 82 ஆட்டங்கள். ஒவ்வொரு பிரிவிலும் 16 அணிகளில் 8 உள்ளே போகும். நேர்மையான கணக்காகத்தான் தெரிகிறது.

ஆனால் 91 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 2022-23-இல் பஃபலோ சேபர்ஸ் 91 புள்ளி எடுத்தது, வெளியே. 92 எடுத்த ஃப்ளோரிடா உள்ளே போய் இறுதிச் சுற்று வரை ஆடியது. அடுத்த வருடம் டெட்ராய்ட் 91 புள்ளி, வெளியே. அதே 91 எடுத்த வாஷிங்டன் வழக்கமான நேரத்தில் அதிக ஆட்டங்கள் ஜெயித்திருந்ததால் உள்ளே. அதற்கடுத்த வருடம், 2024-25-இல், மான்ட்ரியால் 91 புள்ளி, உள்ளே. ஐசர்மனுக்கு 'தோல்வி' முத்திரையும் ஹியூஸுக்கு 'வெற்றி' முத்திரையும் வாங்கிக்கொடுத்தது ஒரே எண்.

டெட்ராய்ட் வெளியேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் கடைசி நாள் ஆட்டம். வாஷிங்டன் ஃபிலடெல்ஃபியாவோடு 1-1 என்று நிற்கிறது. வழக்கமான நேரத்துக்குள் ஜெயித்தால் மட்டுமே தனக்கு வழி என்று கணக்குப் போட்டு, சமநிலையில் இருக்கும்போதே ஃபிலடெல்ஃபியா தன் கோலியை, அதாவது கோல்கீப்பரை, வெளியே எடுத்து ஓர் ஆட்டக்காரரைக் கூடுதலாக இறக்கியது. சுமார் மூன்று நிமிடம் பாக்கி. காலியாகக் கிடந்த வலைக்குள் வாஷிங்டன் பந்தை, மன்னிக்கவும், பக் என்ற ரப்பர் வட்டைத் தள்ளிவிட்டது. அதே இரவில் மான்ட்ரியாலில் ஆடிக்கொண்டிருந்த டெட்ராய்ட் ஷூட்அவுட்டில் ஜெயித்தது. பிரயோஜனமில்லை. வேறு ஊரில் வேறு இரண்டு அணிகள் எடுத்த முடிவு ஐசர்மனின் மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிட்டது.

முதல் கேள்வியில் இது இன்னும் மோசமாகத் தோற்கும். ஐசர்மனின் முதல் சீசனான 2019-20-இல் டெட்ராய்ட் 71 ஆட்டங்களில் 39 புள்ளிதான் எடுத்தது, லீகிலேயே கடைசி. கோவிட் வந்து சீசன் நின்றுபோனதே ஒரு வகையில் தப்பித்ததுதான். அந்த அணி அவர் கட்டியதல்ல. தொடர்ந்து 25 சீசன்கள் பிளேஆஃப் ஆடிய அணி, அந்தத் தொடரைக் காப்பாற்றுவதற்காகவே டிராஃப்ட் தேர்வுரிமைகளையும் உச்சவரம்புக்குள் இருந்த சம்பள இடத்தையும் செலவழித்துச் செலவழித்துக் காலியான நிலையில் அவர் கைக்கு வந்தது.

ஏமாற்ற முடியுமா? தாராளமாக. ஜூலை 1 அன்று பணத்தைத் திறந்தால் புள்ளி ஏறும். 2022 கோடையில் டெட்ராய்ட் ஆண்ட்ரூ காப், பென் சியாரட், டேவிட் பெரான் என்று அனுபவசாலிகளை வரிசையாக எடுத்தது. புள்ளி 74-இலிருந்து 80, பிறகு 91. அடுத்த வருடம் 86-க்கு இறங்கியது. பயிற்சியாளரை மாற்றுவதும் இதே வகை. 2024 டிசம்பரில் டெரிக் லலோண்டை அனுப்பிவிட்டு டாட் மெக்லெல்லனைக் கொண்டு வந்தார்கள். ஒரு பயிற்சியாளரை நீக்கினால் ஜி.எம்.-க்கு ஒரு வருடம் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலின் எழுதப்படாத விதி.

இதன் மறைமுகச் செலவு டிராஃப்டில் தெரியும். டெட்ராய்டின் முதல் தேர்வு வரிசை 2019 முதல்: 6, 4, 6, 8, 9, 15, 13. கோப்பைக்குப் போகிற அளவுக்கு மேலேயும் இல்லை, முதல் மூன்றில் ஒரு பையனை எடுக்கிற அளவுக்குக் கீழேயும் இல்லை. இந்த நடுப் பள்ளத்தில் ஓர் அணி எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கலாம்.

ஆனாலும் ஐந்தாவது வருடத்துக்கு மேல் இந்த அளவுகோலைத் தள்ள முடியாது. சீசன் டிக்கெட் வாங்குகிறவரிடம் "எங்கள் பையன்கள் பின்லாந்தில் நன்றாக ஆடுகிறார்கள்" என்று ஏழாவது வருடமும் சொல்ல முடியாதல்லவா?

அளவுகோல் 2: டிராஃப்ட்

ரசிகர்களுக்குப் பிடித்த அளவுகோல். ஏனென்றால் நம்பிக்கை இதில்தான் இருக்கிறது, தோல்வி எதுவும் இன்னும் நடக்கவில்லை.

ஐசர்மனுக்கு இதில் நல்ல பெயர், நியாயமாகவே. 2019 ஜூனில் அவருடைய முதல் டிராஃப்ட். 6-ஆவது இடத்தில் ஜெர்மனியின் மோரிட்ஸ் சைடர் பெயரைப் படித்தார்கள். அவ்வளவு மேலே யாரும் எதிர்பார்க்கவில்லை. பையனின் முகத்திலேயே அதிர்ச்சி தெரிந்தது, அந்தக் காட்சி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு. 2020 டிராஃப்டில் 4-ஆவது இடத்தில் லூகாஸ் ரேமண்ட். இரண்டும் பத்துக்குப் பத்து.

ஆனால் இதில் எவ்வளவு ஐசர்மனுடையது? டெட்ராய்டுக்காக ஐரோப்பாவில் பையன்களைத் தேடிய ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் அவருக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். 1998-இல் 171-ஆவது ஆளாக பாவெல் டட்சுக்கையும், மறு வருடம் 210-ஆவது ஆளாக ஹென்ரிக் ஜெட்டர்பர்க்கையும் கண்டுபிடித்த கண் அது. நல்ல ஸ்கவுட்டை வைத்துக்கொள்வதும் ஜி.எம். வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பங்கு பிரித்தால் முழுச் சோறும் ஒருவருக்குப் போகாது.

அப்புறம் லாட்டரி. கீழே முடித்த அணிகளில் முதல் தேர்வு யாருக்கு என்பது குலுக்கலில்தான் முடிவாகும். 2020-இல் கடைசி இடத்தில் இருந்த டெட்ராய்டுக்கு முதல் தேர்வு கிடைக்க 18.5 சதவீத வாய்ப்பு. கிடைத்தது 4-ஆவது. மான்ட்ரியால் 2021-22-இல் 55 புள்ளியோடு கடைசி இடம். லாட்டரி விழுந்தது, யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி வந்தார். இதில் ஹியூஸின் திறமை எங்கே? மறுபடியும், லாட்டரி தோற்றவர் எல்லாம் தோற்றவரில்லை. 2016-17-இல் கொலராடோ அவலாஞ்ச் 48 புள்ளி எடுத்துக் கடைசியில் கிடந்தது, லாட்டரியிலும் 4-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த 4-ஆவது இடத்தில் எடுத்த பையன் கேல் மகார். ஐந்தே வருடத்தில் கோப்பையும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும்.

முதல் தேர்வு மட்டும் போதுமென்று நினைப்பவர்களுக்கு எட்மன்டன் இருக்கிறது. 2010, 2011, 2012, 2015 என்று ஆறு வருடத்தில் நான்கு முறை முதல் தேர்வு. 2006-07 முதல் 2015-16 வரை பத்து சீசன் பிளேஆஃப் இல்லை.

இந்த அளவுகோலின் மறைமுகச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பையன்கள் தோற்றுக்கொண்டே வளர்கிறார்கள். பஃபலோவைப் பாருங்கள். தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மேலிருந்த பிரியமே போய்விடுகிறது என்று ரையன் ஓரைலி 2018-இல் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கோடையில் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். மறு வருடம் அவர் கையில் கோப்பை, கூடவே பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2015-இல் இரண்டாவதாக எடுத்த ஜாக் ஐக்கல் 2021-இல் வேகாஸுக்குப் போனார், 2023-இல் கோப்பை. சாம் ரெய்ன்ஹார்ட் ஃப்ளோரிடாவுக்குப் போனார், 2024 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையை முடிவு செய்த கோல் அவருடையது. 2011-க்குப் பிறகு 2025 வரை பஃபலோ 14 சீசன் பிளேஆஃப் பார்க்கவில்லை. பஃபலோவுக்கு ஆள் தெரியாமலா போயிற்று? ஆள் நன்றாகத்தான் தெரிந்தது.

டிராஃப்டை வைத்து அளக்க ஆசைப்பட்டால், முதல் பத்து தேர்வுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். லேன் ஹட்சனை மான்ட்ரியால் 2022-இல் 62-ஆவது ஆளாக எடுத்தது. உடம்பு சின்னது என்று மற்றவர்கள் ஒதுக்கிய டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரர். 2024-25-இல் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்து 66 புள்ளி, கால்டர் விருது. அதே மான்ட்ரியால் 2023-இல் 5-ஆவது இடத்தில் டேவிட் ரெய்ன்பாக்கரை எடுத்து, 7-ஆவது ஆளாகப் போன மட்வெய் மிச்கோவை விட்டது. மிச்கோவ் ஃபிலடெல்ஃபியாவில் முதல் சீசனிலேயே 26 கோல். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் ஹியூஸுக்கு மார்க் போட வேண்டும்.

அளவுகோல் 3: டிரேடும் ஒப்பந்தமும்

இங்கே கையெழுத்து ஜி.எம்.-உடையது. லாட்டரி உருண்டை இல்லை, ஸ்கவுட் இல்லை, வேறு ஊரில் நடக்கும் ஆட்டம் இல்லை. என்ன கொடுத்தார், என்ன வாங்கினார், எவ்வளவு சம்பளம் எத்தனை வருடத்துக்கு எழுதினார். முதல் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடைக்காது.

பென் சியாரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் மான்ட்ரியாலில் இருந்தார், அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது. ஹியூஸ் அவரை ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வும், அதாவது டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமையும், மேலும் கொஞ்சமும் வாங்கினார். நான்கே மாதம் கழித்து, அதே சியாரட்டை, 31 வயதில், டெட்ராய்ட் நான்கு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது, வருடத்துக்கு 47.5 லட்சம் டாலர். அந்த ஃப்ளோரிடா தேர்வை இன்னொன்றோடு சேர்த்துக் கொடுத்து மான்ட்ரியால் கொலராடோவிலிருந்து அலெக்ஸ் நியூஹுக்கைக் கொண்டு வந்தது. ஒரே ஆள், ஒரே வருடம். ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார். இரண்டு ஜி.எம்.-களும் தங்கள் அணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைத்தார்கள் என்பது இதில் அப்படியே தெரிகிறது.

ஷான் மொனஹன் விஷயம் இன்னும் அழகு. 2022 ஆகஸ்டில் கால்கரிக்குச் சம்பள இடம் தேவைப்பட்டது. மொனஹனை எடுத்துக்கொள், கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வும் தருகிறோம் என்றது. ஹியூஸ் எடுத்தார். 2024 பிப்ரவரியில் அதே மொனஹனை வின்னிபெக்குக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு வாங்கினார். வரும்போதும் கூலி, போகும்போதும் கூலி. முன்பு வீரர்களுக்கு ஏஜென்டாக இருந்தவர் என்பது சும்மா இல்லை.

இப்போது டெட்ராய்ட். 2020-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸின் சுமையான மார்க் ஸ்டாலை எடுத்துக்கொள்ள ஐசர்மன் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கூலியாக வாங்கினார். சம்பள உச்சவரம்பு 8.15 கோடி டாலரில் உறைந்து நின்ற காலம், காலி இடம் வைத்திருந்தவர்தான் ராஜா. நன்றாகச் செய்தார். நான்கு வருடம் கழித்து, 2024 ஜூனில், ஜேக் வால்மன் என்ற டிஃபென்ஸ்மேனை சான் ஹோசேவுக்கு அனுப்ப ஐசர்மனே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கூலியாகக் கொடுத்தார். வால்மனின் சம்பளம் வருடத்துக்கு 34 லட்சம் டாலர், அதிகமொன்றும் இல்லை. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, சான் ஹோசே அதே வால்மனை எட்மன்டனுக்குக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு வாங்கிவிட்டது. 2025 ஜூனில் வால்மன் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு தேர்வைக் கொடுத்து அனுப்பிய ஆளுக்குச் சந்தையில் ஒரு முதல் சுற்றுத் தேர்வு விலை இருந்திருக்கிறது. இதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

கணக்கில் வரவும் உண்டு. பிலிப் ஹ்ரோனெக்கை வான்கூவருக்கு அனுப்பி வாங்கிய தேர்வில்தான் 17-ஆவது ஆளாக ஆக்ஸல் சாண்டின் பெலிக்கா வந்தார். டைலர் பெர்டூசியை பாஸ்டனுக்குக் கொடுத்துப் பெற்ற முதல் சுற்றுத் தேர்வு அலெக்ஸ் டெப்ரின்கட்டைக் கொண்டு வரப் பயன்பட்டது. கெட்ட வியாபாரமே இல்லை. ஆனால் 2021-இல், 23-ஆவது தேர்வையும் கூட இரண்டையும் டாலஸுக்குக் கொடுத்து 15-க்கு ஏறி கோலி செபாஸ்டியன் கோஸாவை எடுத்தார். டாலஸ் அந்த 23-இல் எடுத்த பையன் வையட் ஜான்ஸ்டன். 2023-24-இல் 32 கோல், அடுத்த வருடம் 33. கோஸா 2024-25 முடிய என்.எச்.எல்.-இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். கோலிகள் முற்றுவதற்கு நாளாகும், இந்தக் கணக்கை இன்னும் மூடிவிட வேண்டாம்.

சொந்தப் பையன்களின் ஒப்பந்தத்தில் இரண்டு பேருமே சமர்த்தர்கள். சைடருக்கு ஏழு வருடம், வருடத்துக்கு 85.5 லட்சம் டாலர். ரேமண்டுக்கு எட்டு வருடம், 80.75 லட்சம். கேப்டன் லார்கினின் 87 லட்சத்தை யாரும் தாண்டவில்லை. மான்ட்ரியாலில் கேப்டன் நிக் சுசுக்கி 78.75 லட்சம், அவருக்குக் கீழே கோல் காஃபீல்ட் 78.5, ஸ்லாஃப்கோவ்ஸ்கி 76. உச்சவரம்பு 2025-26-இல் 9.55 கோடி டாலராக ஏறிய பிறகு இந்த ஒப்பந்தங்களின் அருமை கூடிக்கொண்டே போகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: சுசுக்கியைக் கொண்டு வந்ததும் அந்த ஒப்பந்தத்தை எழுதியதும் காஃபீல்டை டிராஃப்ட் செய்ததும் ஹியூஸுக்கு முன்பிருந்த மார்க் பெர்ஜவன்.

இந்த அளவுகோலின் ஆபத்து, அவசரம். டிரேட் நடந்த மறுநாள் காலையே மார்க் போட்டுவிடுகிறார்கள். 2017-இல் மாட் டுஷேன் கொலராடோவை விட்டுப் போக விரும்பினார். அங்கே அப்போது ஜி.எம்.-ஆக இருந்த ஜோ சாக்கிக் மாதக்கணக்கில் அவரை விற்கவில்லை, விலை படியவில்லை என்று உட்கார்ந்திருந்தார். திட்டாதவர் பாக்கியில்லை. நவம்பரில், புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் பகுதியில், டுஷேனை வெளியே அழைத்தார்கள்: டிரேட் முடிந்தது. மூன்று அணிகள் சேர்ந்த அந்த வியாபாரத்தில் சாமுவேல் ஜிரார்டும் ஒட்டாவாவின் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அந்தத் தேர்வு 2019-இல் 4-ஆவது இடமாக மாறி போவன் பைரமைக் கொடுத்தது. இரண்டு பேருமே 2022-இல் கோப்பை ஜெயித்த அணியில். மூன்று வருடமாவது ஊறப்போடாமல் எந்த டிரேடுக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

அளவுகோல் 4: கோப்பை, அல்லது விட்டுப்போன மிச்சம்

கடைசியில் எல்லாம் கோப்பைக்குத்தானே என்பார்கள். சரிதான், ஆனால் கோப்பை வரும்போது ஜி.எம். அங்கே இருப்பாரா?

ஐசர்மனே சாட்சி. 2010 முதல் 2018 வரை டாம்பா பேயில் ஜி.எம். நிகிடா குசெரோவ் 58-ஆவது ஆள், பிரேடன் பாயின்ட் 79-ஆவது ஆள், கோலி வசிலெவ்ஸ்கி 19-ஆவது. எல்லாம் அவர் காலத்துத் தேர்வுகள். அவர் விலகிய பிறகு அந்த இடத்துக்கு வந்த ஜூலியன் பிரிஸ்புவா 2020, 2021 இரண்டு கோப்பையும் தூக்கினார். பிரிஸ்புவா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கோல்மன், குட்ரோ என்ற இரண்டு பேருக்காக முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்துச் சரியான சமயத்தில் வாங்கினார். அதே சமயம் ஸ்டாம்கோஸும் ஹெட்மனும் ஐசர்மனுக்கு முன்பே டாம்பாவில் இருந்தவர்கள். மூன்று கை பட்ட கோப்பை.

நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஜி.எம்.-ஆக இருந்த ஜெஃப் கோர்ட்டன் கதை கொடுமை. 2018 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் "பழகிய முகங்களை இழக்கப்போகிறோம்" என்ற பொருளில் ரசிகர்களுக்கே கடிதம் எழுதிவிட்டு மறுகட்டமைப்பில் இறங்கியது. இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு ஆடம் ஃபாக்ஸைக் கொண்டு வந்தார் கோர்ட்டன். 2021 மே மாதம் அவரை நீக்கினார்கள். அடுத்த மாதமே ஃபாக்ஸுக்குச் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது. அதற்கடுத்த வருடம் அணி அரையிறுதி வரை போனது. கோர்ட்டன் அதற்குள் மான்ட்ரியாலில் ஹாக்கித் துறைத் தலைவர், ஹியூஸை ஜி.எம்.-ஆகக் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு.

ஆக, நியாயமான அளவுகோல்தான். ஆனால் முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இது கையில் இருக்காது. வரலாறு எழுதுபவருக்கு உதவும்.

ஒரே பார்வையில்

| கேள்வி | புள்ளி, பிளேஆஃப் | டிராஃப்ட் | டிரேட், ஒப்பந்தம் | கோப்பை, மிச்சம் |
|---|---|---|---|---|
| ஜி.எம். தானே செய்ததா? | பாதிக்கும் குறைவு | பாதி. மீதி ஸ்கவுட்டும் லாட்டரியும் | பெரும்பாலும் ஆம் | பலருடைய பங்கு |
| எப்போது பதில்? | உடனே, ஆனால் 4-5 வருடம் வரை நம்ப முடியாது | 4-5 வருடம் | 3 வருடமாவது | 7-10 வருடம் |
| ஏமாற்ற முடியுமா? | எளிது: அனுபவசாலிகள், பயிற்சியாளர் மாற்றம் | பையன்கள் பட்டியலைக் காட்டிக் காலம் தள்ளலாம் | கடினம் | முடியாது |
| மறைமுகச் செலவு | நடுப் பள்ளம், தேர்வு வரிசை கீழே | தோல்விப் பழக்கம் | அவசரத் தீர்ப்பு | ஆள் போன பிறகுதான் தெரியும் |
| யாருக்கு உதவும்? | டிக்கெட் வாங்குபவர், 5-ஆம் வருடத்துக்குப் பின் முதலாளி | முதல் 3 வருடத்தில் ரசிகர் | முதலாளி, எந்த வருடமும் | வரலாறு எழுதுபவர் |

சரி, எதை எடுப்பது?

மறுகட்டமைப்பு எத்தனையாவது வருடத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முதல் மூன்று வருடம் புள்ளிப் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். கீழே கிடப்பது அப்போது தப்பே இல்லை. அந்த வருடங்களில் மூன்றாவது அளவுகோல்: பழைய ஆட்களுக்கு நல்ல விலை வாங்கினாரா, அடுத்தவரின் சுமையைச் சுமந்து கூலி வாங்கினாரா, முப்பது தாண்டியவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டாரா? மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் டிராஃப்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் பத்தைக் கழித்துவிட்டு. ஐந்துக்கு மேல் போனால் புள்ளிப் பட்டியல் மட்டும்தான். சாக்குக் கிடையாது.

இப்படி அளந்தால் ஐசர்மனுக்கு என் மார்க் இதுதான்: பதினெட்டு வயதுப் பையனைத் தேர்ந்தெடுப்பதில் தேறியவர், முப்பது வயது ஆளை வாங்குவதில் தேறாதவர். ஆறாவது சீசனும் முடிந்த பிறகு புள்ளிப் பட்டியலில் 86. மறுகட்டமைப்பு தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், சைடரையும் ரேமண்டையும் வைத்துக்கொண்டு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் "பொறுங்கள்" என்று கேட்கும் உரிமை 2024 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது.

ஹியூஸ் மூன்றாவது அளவுகோலில் தெளிவாக முன்னால் நிற்கிறார். மொனஹன், சியாரட் இரண்டு கணக்குமே போதும். மார்ட்டின் செயின்ட் லூயியை, மகன்களின் சிறுவர் அணிகளைத் தாண்டித் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவமே இல்லாத ஒருவரை, பயிற்சியாளராகக் கொண்டு வந்து 55, 68, 76, 91 என்று வருடா வருடம் ஏற்றிக் காட்டியதும் சின்ன விஷயமில்லை. ஆனால் லாட்டரியும் பெர்ஜவன் விட்டுப்போன சுசுக்கியும் இல்லாமல் இந்தப் படிக்கட்டு இவ்வளவு சீராக இருந்திருக்காது. பிளேஆஃபிலும் வாஷிங்டனிடம் ஐந்தே ஆட்டத்தில் கதை முடிந்தது. அதனால் 'ஜெயித்துவிட்டார்' என்று இப்போதே முத்திரை குத்துவது, ஐசர்மனை 91 புள்ளிக்காகக் கவிழ்த்த அதே அவசரம்தான்.

இரண்டு பேரையும் இனி ஒப்பிட நல்ல இடம் ஒன்று கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் கடைசியில், டிராஃப்டை ஒட்டி, இரண்டு பேருமே பெரிய டிரேட் செய்தார்கள். ஹியூஸ் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் எமில் ஹைனமனையும் கொடுத்து 25 வயது டிஃபென்ஸ்மேன் நோவா டாப்சனை எடுத்தார். எட்டு வருடம், வருடத்துக்கு 95 லட்சம் டாலர். மான்ட்ரியாலில் சேமிக்கும் காலம் அதோடு முடிந்தது, இனி ஹியூஸுக்கும் புள்ளிப் பட்டியல்தான். ஐசர்மன் பீட்டர் மிராசெக்கையும், இரண்டாம் சுற்று, நான்காம் சுற்றுத் தேர்வு ஒவ்வொன்றையும் கொடுத்து, 32 வயதை நெருங்கிக்கொண்டிருந்த கோலி ஜான் கிப்சனை எடுத்தார். ஒப்பந்தத்தில் பாக்கி இரண்டு வருடம், வருடத்துக்கு 64 லட்சம். விலை குறைவு, காலமும் குறைவு. ஒருவர் எட்டு வருடத்துக்கு ஆள் வாங்கியிருக்கிறார், மற்றவர் இரண்டு வருடத்துக்கு. இந்த இரண்டுக்கும் 2028-க்கு முன்னால் மார்க் போடாதீர்கள்.